படித்த நேரம்

லேவார்டனில் எங்கள் கிடங்கு
முன்பு வெண்ணெய் அடுக்கிய இடம்.
ஈரம் ஏறும் நாள்களில்
செங்கல்லிலிருந்து புளித்த பால் வாடை இன்னும் கசியும்.
அதே குளிரில் இப்போது
பதினொரு வரிசை சர்வர்கள்.

யார் எதை ஏற்றினாலும் நாங்கள் பார்ப்பதில்லை.
பார்க்காமலிருப்பதுதான் தொழில்.
நாம் பார்க்காதவரை சட்டம் நம்மைப் பார்க்காது என்பார்
முதலாளி ஹில்கே.
தெரிந்த நொடியிலிருந்துதான் கணக்கு.

வெள்ளிக்கிழமை மாலை நாலு ஐம்பத்திரண்டுக்கு
ஒரு கடிதம் வந்தது.
யெல்டியே ஹூக்ஸ்ட்ரா, பேறுகாலத் தாதி.
உங்கள் கணினியில் ஒரு பக்கம் இருக்கிறது,
அதில் என்னைச் சிசுக்கொலைகாரி என்கிறார்கள்,
என் வீட்டு எண்ணும் இருக்கிறது,
தயவுசெய்து

அதுவரை படித்தேன்.
கோட்டின் ஒரு கையை மாட்டியிருந்தேன்.
ஐந்து மணி ரயிலை விட்டால் அடுத்தது அரைமணி கழித்து.
சுட்டியை வலப்பக்கம் அழுத்தி
"படிக்காதது" என்று குறித்தேன்.
எழுத்து மறுபடி தடித்தது,
யாரும் தொடாததுபோல.

சனி இரவு அவள் சைக்கிளில்
தலையில்லாத பொம்மை ஒன்றைக்
கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.
ஞாயிறு ஜன்னல்.

திங்கள் ஒன்பது பத்துக்கு முறையாகத் திறந்தேன்.
ஒன்பது இருபத்தைந்துக்குப் பக்கம் இல்லை.
பதினைந்து நிமிடம்!
ஹில்கே எனக்குக் கேக் வாங்கித் தந்தார்.

நீதிமன்றத்தில் எங்கள் வக்கீல் ஃபான் தர் ஸ்லூயிஸ்
அந்தப் பதினைந்து நிமிடத்தை
மேசைமேல் வைத்துத் துடைத்துத் துடைத்துக் காட்டினார்.
வாடகைக்கு விட்டவன்
ஒவ்வொரு அறைக்கும் காது வைக்க முடியுமா என்றார்.
நியாயம்தான்.
முடியாது. வைக்கவும் கூடாது.
அதை நானும் நம்புகிறேன்,
அதுதான் சங்கடம்.

அவள் எதிர்வரிசையில் இருந்தாள்.
சுருக்க வெட்டிய நகங்கள்.
என்னை ஒருமுறை பார்த்தாள்,
எந்திரத்தைப் பார்ப்பதுபோல்,
கோபம்கூட இல்லாமல்.

எப்போது தெரியும் என்று நீதிபதி கேட்டார்.
திங்கள் என்றார் வக்கீல்.
என்னை யாரும் கேட்கவில்லை.

அஞ்சல்பெட்டி மறந்துவிட்டது.
அதற்கு அடியில் ஒரு பதிவேடு மறக்கவில்லை:
வெள்ளி, 16:54, திறந்தவர், என் பெயர்.
பிறகு குறி மாற்றியவர், அதுவும் என் பெயர்.
தொண்ணூறு நாளில் அது தானே அழியும்.
அந்த விதியை எழுதியவனும் நான்தான்,
இடம் மிச்சமாகட்டும் என்று.

இன்று எண்பத்தெட்டு.
கிடங்கில் விளக்கைப் போடவில்லை.
அச்சுப்பொறியில் தாள் இருக்கிறதா என்று
தட்டை இழுத்துப் பார்த்தேன்.
இருந்தது.