பதினோரு விநாடி

டொலீடோ நகர நீதிமன்றம், நான்காம் அறை.
பேசுவதைத் தட்டுவது என் வேலை.
தலையசைப்பு என் கணக்கில் சேராது,
பெருமூச்சும் சேராது.

காவலரின் மார்புக் கேமரா ஓடுகிறது.
பதினோரு விநாடி.
"எதிர்க்காதே" ஏழு முறை.
நடுவில் யாரோ முனகியது.
'கேட்கவில்லை' என்று தட்டினேன்.
விதி அப்படி.

முனகியவர் ஆர்வில் டென்ட்,
டயர் கிடங்கில் பத்தொன்பது வருடம்.
திருடியதாகச் சொன்ன பேட்டரிக்கு
ரசீது அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.
திருட்டு வழக்கை மறுநாளே கைவிட்டார்கள்.
மிஞ்சியது இது ஒன்று:
கைதை எதிர்த்தார்.
மரத்தை வெட்டிச் சாய்த்தாயிற்று,
நிழலுக்கு மட்டும் வாய்தா மேல் வாய்தா.

தொண்ணூறு நாள்வரை சிறை,
எழுநூற்றைம்பது டாலர்வரை அபராதம்.
ஒப்புக்கொண்டால் இரண்டும் கிடையாது,
இன்றே வீட்டுக்குப் போகலாம் என்று
காபி இயந்திரத்தின் பக்கத்தில்
அரசுத் தரப்பு இளைஞர் சொன்னது
என் காதிலும் விழுந்தது.
"போகலாம்தான்," என்றார் டென்ட்.
"கிடங்குல வருஷா வருஷம் ஃபாரம் தருவாங்க.
அந்தக் கட்டத்துல என்னன்னு எழுதுவேன்?"
இதெல்லாம் பதிவில் வராது.

அவருடைய வக்கீல் மார்லீஸ் கோவாக்.
இன்றைக்கு மட்டும் பதினெட்டுக் கோப்பு,
இவருடையது ஒன்பதாவது.
காவலரிடம் மூன்றே கேள்வி.
உதைத்தாரா? இல்லை.
ஓடினாரா? இல்லை.
பிறகு எதை எதிர்ப்பு என்றீர்கள்?
"பின்னால் முறுக்கினேன். கை வரவில்லை."
வரவில்லையா, தரவில்லையா?
ஒரே ஓர் எழுத்து.
அதை எடைபோட ஜூரியில் எட்டுப் பேர்.
ஒருவர் இருமல் மிட்டாய் பிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு டென்ட் கூண்டேறினார்.
"சத்தியம் செய்ய வலது கையை உயர்த்துங்கள்."
உயர்ந்தது.
தோளுக்கு ஒரு சாண் கீழே நின்றது.
"இன்னும் கொஞ்சம்," என்றார் எழுத்தர்,
தாளிலிருந்து தலை தூக்காமல்.
டென்டின் கழுத்து நரம்பு புடைத்தது.
கை அங்கேயே.
"இன்னும்..."
தலை தூக்கிப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மிட்டாய்த் தாளின் சத்தமும் நின்றுபோனது.
அறையில் ஒரு சொல் இல்லை,
என் விரல்களுக்கு வேலை இல்லை.
எட்டுப் பேர் பார்த்தது தாளில் ஏறாது.
மேலே போனால் தாளைத்தான் படிப்பார்கள்.
யாராவது சொல்லுங்கள்,
சொன்னால்தானே எழுதமுடியும்.

நாற்காலி கிறீச்சிட கோவாக் எழுந்தார்.
"பதிவில் வரட்டும்," என்று தொடங்கினார்.

அதற்கு முன்பே
என் விரல்கள் விசைகள்மேல் இறங்கியிருந்தன.