நாலு அங்குலம்

முகமூடி என்னுடையது,
அதனால் வேஷமும் எனக்கு.
பேட்டையில் மூடிக்கிடந்த மில்லின் கேட்டுக்குப்
பத்தவைக்கப் போயிருந்தேன்.
தூரத்தில் நின்று பார்த்த டைரக்டர்
"அப்படியே நில்லுங்க அண்ணாச்சி" என்றார்.
நின்றேன்.
பதினேழு ராத்திரி நின்றேன்,
ராத்திரிக்கு நாற்பது ரூபாயும் புரோட்டாவும்.

படத்தின் பேர் மூணாம் சங்கு.
ஆளில்லாத மில்லில் நடுச்சாமம் சங்கு ஊதும்,
ஊதினால் ஒரு ஆள் குறையும்.
ஆறு பேரைக் கொன்றேன்.
ஏழாவது ஆள் தப்பிக்க வேண்டும் என்று
கதையிலேயே எழுதியிருந்தது.

அருவாள் வேண்டாம் என்று சொன்னது நான்தான்.
அதைப் பிடிக்கிற விதம்
எங்கள் பக்கத்துக் கொட்டகையில் பாதிப்பேருக்குத் தெரியும்,
சிரித்துவிடுவார்கள்.
பஞ்சுப் பொதி இழுக்கிற கொக்கி ஒன்று
கிடங்கு மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது.
அதை எடுத்துக் காட்டினேன்.

ஜெமிமா மூன்றாவது.
பாளையங்கோட்டையில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிற பெண்.
அவள் கத்திய கத்தலில்
உத்திரத்துப் புறாக்கள் மொத்தமும் வெளியேறின,
அதற்கு டைரக்டர் கைதட்டினார்.
கழுத்துச் சாயத்தைத் துடைக்காமலே
என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:
"உள்ள ரொம்ப வேக்காடா இருக்கா?"
வெல்டிங் கண்ணாடி வழியே
அவள் பச்சையாகத் தெரிந்தாள்.
தலையை ஆட்டினேன்.
கொக்கி அப்போதும் என் கையில்தான்.

ஜங்ஷன் தியேட்டரில் நாலு நாள் ஓடியது.
சென்சார் வெட்டிய வெட்டில்
யார் எப்படிச் செத்தார் என்றே விளங்கவில்லை.
சங்கு. கொக்கி. உடனே மறுநாள் காலை,
எல்லாரும் இட்லி தின்கிறார்கள்.
ஐந்தாம் நாள் சாமி படம் மாற்றிவிட்டார்கள்.

அப்புறம்தான் கேசட் வந்தது.
ரொட்டிக்கடை ஸ்டாப்பில் ஹமீது கடை.
அட்டையில் என் முகமூடி,
அடியில் சிவப்பு எழுத்து: தியேட்டரில் காட்டாதது.
ஒரு நாள் வாடகை பத்து ரூபாய்,
டெக்கும் சேர்த்தால் அறுபது.
சடங்கு வீட்டில் போட்டார்கள்,
ஓட்டு எண்ணிய ராத்திரி விடியவிடியப் போட்டார்கள்,
கொண்டாநகரம், சுத்தமல்லி என்று
என்னைவிட அதிகம் ஊர் சுற்றியது அது.
எழுத்துப் போடும்போது
என் பேரைப் பரமானந்தம் என்று போட்டுவிட்டான்.
பரமார்த்தலிங்கம் என்று ஒழுங்காய் இருந்தது
ஹமீதின் நோட்டில் மட்டும்.
நானும் பத்து ரூபாய் கொடுத்துத்தான் எடுத்தேன்.

கிடங்குக் காட்சியை நிறுத்தி, பின்னால் ஓட்டி,
திரும்ப நிறுத்தி
நாடா அந்த இடத்தில் தேய்ந்துபோயிருந்தது.
ஜெமிமாவின் முகத்துக்கு மேல் வெள்ளைப் பூச்சி பறக்கிறது.
கோடு கோடாய் மழை.
நான் யாரையும் கொல்லவில்லை,
பஞ்சு மாதிரி எதையோ கிழித்துக்கொண்டிருக்கிறேன்.
கத்தல் மட்டும் தேயவில்லை.
புறா போகிற சத்தமும்.

அந்த வருஷம்தான் தொழில் பெருத்தது.
ஜன்னலுக்குக் கிரில், புறவாசலுக்குக் கிரில்,
கிணற்றுக்குக்கூட ஒருத்தர் கேட்டார்.
கம்பி விலை ஏறியும் ஆர்டர் குறையவில்லை.
"அந்தப் படம் பாத்தீயளா?" என்பார்கள்.
"பாதி பாத்தேன்" என்பேன்.
பொய்யில்லை.
மிச்சப் பாதிக்கு நான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தேன்.

சுத்தமல்லியில் ஒரு வீடு.
மகள் லைட்டை அணைக்கவிடுவதில்லை என்று
தாய்க்காரி அலுத்துக்கொண்டாள்.
"ஆறு அங்குலம் விடாதீங்க, கை நுழைஞ்சிரும்."
யார் கை என்று நான் கேட்கவில்லை.
சட்டத்தில் என் கையை விட்டு
இடைவெளி பார்த்தேன்.
அந்தப் பக்கம் கட்டிலில் பிள்ளை உட்கார்ந்திருந்தாள்.
மணிக்கட்டில் பொறி தெறித்த பழைய தழும்பு,
கொக்கியைத் தூக்கும்போதெல்லாம்
படம் நிறையத் தெரிகிற தழும்பு.
அதைப் பார்த்தாள்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலு அங்குலம் என்று சுவரில் பென்சிலால் எழுதினேன்.

"மூணு வைங்க" என்றாள்.