அறுபத்தொன்றாவது கேள்வி

கைக்கடிகாரம், சாவி, கொண்டையில் குத்தியிருந்த ஊசிவரை
பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னாள்.
சட்டைக் கையை முழங்கைக்கு ஏற்றிக் காட்டச் சொன்னாள்.
பிட் ஒளித்துவைக்கிற வயதா எனக்கு?
ஐம்பத்து மூன்று.
ஓலு நகரத்துக் காகித ஆலையில்
பத்தொன்பது வருடமாகப் புது ஆட்களைப் பழக்குகிறேன்.
பழக்கத் தெரியும் என்பதற்குத்தான்
ஒரு காகிதம் இல்லை,
நாளுக்கு ஆயிரம் டன் காகிதம் இறங்குகிற இடத்தில்.

புதிதாக வந்த மனிதவள அதிகாரி தேன் தடவிச் சொன்னார்:
வசந்தத்துக்குள் சான்றிதழ்.
இல்லையென்றால் 'பயிற்சியாளர்' என்பது
'உதவியாளர்' ஆகும், சம்பளம் குறையாது.
சம்பளமா என் கவலை?
கொஞ்சம் அதுவும்தான்.

நான்கு மாதம் படித்தேன்.
இத்தனை காலம் கைபோன போக்கில் செய்ததற்கெல்லாம்
அந்தப் புத்தகத்தில் பெயர் இருந்தது.
தேவை ஆய்வு. கற்றல் நோக்கம். பின்னூட்டம்.
தப்பாகச் செய்துவந்ததற்கும் இருந்தது.
திரையில் இருப்பதை அப்படியே வாசித்துக் காட்டக் கூடாதாம்.
பாவம், என் குரலில்
எத்தனை பேர் தூங்கியிருப்பார்கள்.

நூற்றைம்பது கேள்வி, மூன்று மணி நேரம்.
அறைக்கு ஜன்னல் இல்லை.
வெளியே பகல் இரண்டு மணிக்கே இருட்டியிருக்கும்.

அறுபத்தொன்று:
ஓர் ஆலையில் பயிற்சிக்கு முன் ஆறு விபத்து,
பின் இரண்டு.
குறைந்தது பயிற்சியால்தான் என எப்படி நிறுவுவீர்கள்?
அ, ஆ, இ, ஈ.

ரஸ்முஸ் ஞாபகத்துக்கு வந்தான்.
போன மார்ச், இரவு ஷிப்ட்.
ஓடும் தாள் அறுந்து
இரண்டு உருளைகளுக்கு நடுவில் ஒரு கிழிசல்
நாக்கை நீட்டி ஆடியது.
பிடித்து இழுக்க யாருக்கும் கை பரபரக்கும்.
அவன் கை கிளம்பியது.
மஞ்சள் கோட்டுக்கு ஒரு சாண் இருக்கையில் நின்றது.
திரும்பியது. சிவப்புப் பொத்தானை அழுத்தியது.
பிறகு மூக்கைச் சொறிந்தது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
விபத்து இல்லை.
மயிரிழையில் தப்பியது என்றும் எழுத முடியாது,
கோட்டைத் தாண்டவே இல்லையே.
நடக்காததற்குப் படிவம் கிடையாது.
அவனிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்ல?

'இ' சரியான விடை:
பயிற்சி தராத ஒரு குழுவோடு ஒப்பிடுவது.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், வலது ஓரம்.
தெரிந்தும் சுட்டி நகரவில்லை.
யாரை விட்டிருக்க வேண்டும் நான்?
இடக்கைப் பழக்கமுள்ள சீனியாவையா?
இரவு ஷிப்டின் ஐந்து பேரையா?
சீட்டுக் குலுக்கிப் போட்டா?
நான்கு நிமிடம் கரைந்தது.
'இ' என்றே அழுத்தினேன்.

தேறிவிட்டேன்.
பெயருக்குப் பின்னால் நான்கு எழுத்து.
மூன்று வருடம் செல்லும்,
அதற்குள் அறுபது புள்ளி சேராவிட்டால் உதிர்ந்துவிடும்.
"முன்பு தெரியாதது இப்போது என்ன தெரியும்?"
வீட்டில் ஓஸ்மோ கேட்டார், உருளைக்கிழங்கு உரித்தபடி.
"திரையைப் பார்த்து வாசிக்கக் கூடாது" என்றேன்.

திங்கட்கிழமை பதினோரு பேர் வந்தார்கள்.
என்றும்போல் முதல் வேலையாக,
கைகளை மேசைமேல் வையுங்கள் என்றேன்.
ஒவ்வொரு விரலாக, உரக்க எண்ணுவேன்.
சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.
ஆளுக்கு ஆள், கடைசி வேலைநாளிலும்
இதே எண்ணிக்கை உண்டு; அப்போது சிரிப்பு வராது.

நூற்றுப் பத்து வர வேண்டும்.
நூற்றெட்டு வந்தது.

கோடி நாற்காலியில் ஹெய்மோ,
மூடிப்போன வேறோர் ஆலையிலிருந்து வந்தவர்,
வலக்கையை மெல்ல மடிக்கு இறக்கினார்.
"அங்கே யார் சொல்லிக்கொடுத்தது?"
"யாருமில்லை. வேலை தெரிந்தவன் பக்கத்தில் நிறுத்தினார்கள்.
அவனுக்கு ஏழு."

அறை அமைதியானது.
திரையில் முதல் பக்கம் எரிந்துகொண்டிருந்தது, நான் வாசிக்கவில்லை.

கையை மேலே வையுங்கள் ஹெய்மோ,
எண்ணிக்கை இன்னும் முடியவில்லை.