இரும்புத் தையல்

க்தீனியா கப்பல் தளம். மைனஸ் ஒன்பது.
எரிபொருள் தொட்டியின் அடிவயிற்றில்
மண்டியிட்டிருக்கிறாள் யத்விகா.

நெருப்பால் அவள் தைத்த தகடுகளை
மேற்பார்வையாளர் பார்த்தாயிற்று,
சுண்ணக்கட்டியால் ‘சரி’ போட்டாயிற்று.
நாளை பெயின்ட் பூசிவிட்டால்
கடல்கூடக் கண்டுபிடிக்காது
அந்தக் கடுகளவு குமிழியை.

அவள் கண்டுவிட்டாள்.
அவ்வளவுதான் தொல்லை.

கிரைண்டரை எடுத்தாள்.
‘சரி’ பொடியாகிப் பறந்தது.
ஆறரை மணிப் பேருந்தும் போயிற்று.
வீட்டுக்கு நாலு கிலோமீட்டர் பனி.
ஓவர்டைம் தரமாட்டார்கள்;
கேட்கவும் வாயில்லை,
யார் செய்யச் சொன்னது?

இரண்டு குளிர்காலம்
சம்பள உயர்வுப் பட்டியலில்
அவள் பெயர் இல்லை.

மூன்றாவதில்
அடுத்த தளத்து ஆட்கள்
எக்ஸ்ரே பிலிமோடு வந்து நின்றார்கள்:
“இதைக் கொஞ்சம் பார்க்கிறாயா?”

கையுறையைக் கழற்றினாள்.
வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள்.
சுண்ணக்கட்டி கேட்டாள்.