படிகாரம்

ஊத்து எஸ்டேட் லாரியிலிருந்து
அந்தோணி மிக்கேல் இறக்கிக் கொடுத்தான்
ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு முழக் குச்சி.
நாலு ஷேவிங் பாக்கிக்கு அது பதில்.
மேலே பங்களா வாசலில்
சொட்டுநீலம் கரைத்த வாளி மாதிரி பூக்கும் என்றான்.
ஹைட்ரேஞ்சியா என்று மூன்று தரம் சொன்னான்,
மூன்று தரமும் வேறு வேறு பூ.

சேரன்மகாதேவி வெயிலுக்கு அது வந்திருக்கவே கூடாது.
சலூனுக்குப் பின்னால், கிணற்றுச் சுவரோரம்,
காலை ஒன்பதோடு வெயில் விலகுகிற இடத்தில்
பெயிண்ட் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு ஊன்றினேன்.
கூட்டிய முடியை மண்ணுக்குள் புதைத்தேன்.
தெருவின் தலையெல்லாம் அதற்கு உரம்.
பதினோரு மணிக்கு இலை தொங்கும்,
நாற்காலியில் சாய்ந்து தூங்கிப்போன ஆளின் கழுத்தாக.
ஒரு சொம்புத் தண்ணி. நாலு மணிக்கு நிமிரும்.
மறுநாளும் அதே நடிப்பு.

இரண்டாம் வருஷம் பூத்தது.
"என்னவே, நீலம்னீரு, இது ரோஸ்மில்க்லா"
என்றார் ஓய்வுபெற்ற கண்டக்டர் பூதத்தான்.
மிக்கேலைப் பிடித்துக் கேட்டேன்.
அவன் என் போர் தண்ணியைப் பழித்தான்:
குடத்து விளிம்பில் வெள்ளையாய்ப் படிகிறதே, அதுதான் காரணம்,
மலை மண் புளிப்பு, உன் மண்ணில் புளிப்பில்லை.

அப்புறம் கன்னடியன் கால்வாயிலிருந்து குடம் சுமந்தேன்.
முக்குக் கடையில் காப்பிச் சக்கை வாங்கினேன்,
காசு கேட்கவில்லை, சிரித்தார்கள்.
தாடைகளில் தேய்ந்து தேய்ந்து
நகம் அளவுக்குக் குறைந்த படிகாரத்தை
இடித்துக் கரைத்து ஊற்றினேன்.
அளவு யாருக்குத் தெரியும்.
ஒருதரம் கூடிப்போய் இலையோரம் கருகியது.

மார்கழியில் கை அரித்தது.
ஒழுங்கில்லாமல் நிற்கிற எதையும் பார்த்தால் எனக்கு அப்படித்தான்.
சுற்றிலும் சமமாய் ஒரு கட்டிங்.
அடுத்த வருஷம் முழுக்க இலை, ஒரு மொட்டு கிடையாது.
வெட்டினால் வளரும் என்பதில்தான் என் அடுப்பு எரிகிறது.
இது பழைய குச்சிக்குள்ளேயே
அடுத்த பூவை முடிந்து வைத்திருந்ததாம்.
சொல்லியிருக்கலாம்.

வாசமில்லை என்று கோயிலில் வாங்கவில்லை.
செண்பகவல்லி ஒருநாள் தலையில் வைத்துப் பார்த்து
"காலிபிளவர்" என்று எடுத்து என் மேல் எறிந்தாள்.
அதைக் கண்ணாடி பக்கத்து ஆணியில் தலைகீழாய்த் தொங்கவிட்டேன்,
தேயிலைத் தூள் நிறத்தில் இன்னும் தொங்குகிறது.

எங்கள் ஆட்களுக்கு மருத்துவர் என்றும் ஒரு பேர் உண்டு.
அந்தப் பேரை நம்பி இப்போதும் சிலர் வருவார்கள்.
பூதத்தானுக்குக் கல், ஏழு மில்லி,
ஸ்கேனை மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.
"இதும் வேரு கல்லைக் கரைக்குமாமே,
அமெரிக்காவுல காய்ச்சிக் குடிக்கானாம்."
அது இதன் ஒன்றுவிட்ட சித்தப்பா வகை, அண்ணாச்சி.
இந்த இலையைக் கடித்த பேச்சிக்கனி ஆடு
மூன்று நாள் அசை போடவில்லை.
கல்லுக்கு நெருஞ்சில் உண்டு, சிறுபீளை உண்டு,
அதையும் பாளையங்கோட்டை டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குடியும்.

தலையாட்டிவிட்டுப் போனார்.
மறுநாள் காலையில் டப்பா மண் கிளறிக் கிடந்தது.
ஒரு வேர், நறுக்கின மாதிரி, காணோம்.

எட்டு நாள் தாடியோடு வந்து உட்கார்ந்தார்.
சோப்பு நுரைக்குள்ளிருந்து சொன்னார்:
"குடிக்கலைவே. நக்கித்தான் பார்த்தேன்.
மண்ணு ருசி."
நான் பேசவில்லை.
கத்தி லேசாய்ப் பட்டது.
வேண்டுமென்று இல்லை, சத்தியமாய்.

படிகாரத்தை வைத்து அழுத்தினேன்.
கண்ணாடிக்குள் பின்கதவு திறந்திருந்தது,
அதற்குள் ஒரே கொத்து,
கால்வாசி நீலம், மிச்சம் ரோஸ்.
"எரியுதுவே" என்றார்.
"அதுக்கும் எரிஞ்சிருக்கும்" என்றேன்.