இரண்டு வாஷர்

பெருந்துறை பைபாஸ் பேக்கரி வாசலில்
காரின் டிக்கியைத் திறந்து காட்டினார் தீர்த்தகிரி.
போர்வைக்குள் இறக்கை,
முட்டை அட்டைமேல் சாய்ந்த உடல்.
"வீட்டுக்காரருக்குங்களா அக்கா?"
"எனக்குத்தானுங்க."
அதற்கப்புறம் அவர் பேச்சில்
மில்லிமீட்டர் வந்துவிட்டது.

ஒரு தடவைகூட விழுந்ததில்லைங்க என்றார்.
விழாத விமானமென்றால்
பறக்காத விமானம் என்று அர்த்தம்.
ஒன்றும் சொல்லாமல்
ரப்பர் வளையங்களைக் கழற்றி
இறக்கையை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தேன்.

மேலே சிவப்பு ஃபிலிம்.
ஓரத்தை நகத்தால் கிளப்பினால் நீலம்.
நீலத்துக்கும் அடியில், ஒரு விரல் அகலத்துக்கு,
இஸ்திரிப்பெட்டி சூடு கூடிப்போய்ச்
சுருங்கின மஞ்சள்.
நான்காவது விலாவின் நிழல் மட்டும் தடிப்பு.
பால்சா இல்லை அது, ஐஸ் குச்சி.
கணபதியில், கடை சாத்தினபின்,
பம்ப் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற மேசையில்
பெவிக்விக்கில் என் ஆள்காட்டி விரலும்
சேர்ந்து ஒட்டிக்கொண்ட ராத்திரி.

மூன்று வருஷத்துக்கு முன்னால்
பொள்ளாச்சிக்காரர் ஒருவருக்கு
நாலாயிரத்து இருநூறுக்குத் தள்ளிவிட்டது.

வாலில் தென்னை ஈர்க்கு வைத்துக் கட்டியிருக்கிறது:
அது பொள்ளாச்சி.
சக்கரக் காலில் பஸ் பாடிக்கு அடிக்கிற ரிவெட்,
கரூராக இருக்கலாம்.
பேட்டரி ஆடாமலிருக்கப் பனியன் துணி,
எக்ஸ்போர்ட் தரம்.
மூக்கில், மோட்டாருக்குப் பின்னால்,
இடப்பக்கத் திருகுகளில் மட்டும்
ஆளுக்கொன்றாய் இரண்டு வாஷர்.
அது யாரென்று தெரியவில்லை.

ஏழு என்றார்.
மாட்டுச் சந்தையாக இருந்தால்
துண்டுக்குள் விரல் பிடித்திருப்போம்.
இங்கே டீ கொண்டுவந்த பையன் கேட்கக் கேட்க
என் வேலையை நானே பழித்தேன்:
"இந்த விலாவைப் பாருங்க,
யாரோ அரைகுறை கை வெச்சிருக்காங்க."
ஐந்தே முக்காலுக்குப் படிந்தது.

கேத்தனூர்ப் பக்கம்,
காற்றாலைகளை விட்டுத் தள்ளி,
சோளம் அறுத்த காடு.
முன்பு என்னிடம் இருந்தபோது
த்ராட்டில் கொடுத்ததுமே இடப்பக்கம் இழுக்கும்.
ஒரு வேப்பமரம், ஒரு கோழிப்பண்ணைக் கூரை,
இரண்டுமே இடப்பக்கம்தான் இருந்தன.
என் கட்டைவிரலில்தான் கோளாறு,
நமக்கு ஆகாது இது என்றுதான் விற்றேன்.

இப்போது
நூல் பிடித்தமாதிரி ஏறியது.

புரொப்பெல்லர் ஒரு பக்கம் சுற்றினால்
உடம்பு மறுபக்கம் முறுக்கும்.
போல்ட் போடாமல் ஸ்விட்சைத் தட்டி
மேசையை விட்டுத் துள்ளி விழுந்த மோட்டார்களை
எத்தனை பார்த்திருக்கிறேன்.
எனக்குத் தோன்றவில்லை.
மோட்டாரின் மூக்கைக் கொஞ்சம்
வலப்பக்கம் திருப்பிவைக்க
எந்த ஊரிலோ எவருக்கோ தோன்றியிருக்கிறது.

திரும்பி என்னைப் பார்த்து வந்தது.
எதிரே வரும்போது அதன் இடம் எனக்கு வலம்.
அந்த ஒரு நொடி விரல் தடுமாறும், தடுமாறியது.
ஒரு பனை உயரம் இறங்கிப்
பிழைத்துக்கொண்டது.

"எப்படிங்க பறக்குது?" தீர்த்தகிரி போனில்.
"நல்லாப் பறக்குதுங்க. உங்களுக்கு யாருங்க குடுத்தது?"
"அந்தியூர்ல ஒருத்தருங்க.
அவருக்கு யார் குடுத்தாங்கன்னு தெரியலீங்க. ஏனுங்?"
"சும்மாதானுங்க."

ஆடி பிறந்துவிட்டது.
அம்மி பறக்கிற காற்றில் இது பறக்காது.
சுவரில் தொங்குவதை இறக்கி
ஐஸ் குச்சியை எடுத்துவிட்டு
நல்ல பால்சா வைக்கலாமென்று ஃபிலிமைக் கீறினேன்.
குச்சிமேல் பென்சிலில்,
என் கையெழுத்தில்லை:
கெட்டியா இருக்குது. தொட வேண்டாம்.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
பிறகு மூடிவிட்டேன்,
இஸ்திரிப்பெட்டியை இந்தத் தடவை
சூடு குறைத்து வைத்து.