எட்டு இல்லை

தெஹிவளையில் வீட்டைக் காலிசெய்து
மெல்பர்ன் போன பறங்கிக் குடும்பம் விட்டுப்போனவை:
ஒரு பியானோ ஸ்டூல், இரண்டு மீன்தொட்டி,
பழுப்பேறிய ஒரு கொமடோர்,
அம்மிக்கல் கனத்தில் அதன் டிஸ்க் டிரைவ்.
மீன்தொட்டிக்குத்தான் போனேன்.
வெள்ளவத்தையில் இறக்கிவைத்த முச்சக்கர வண்டிக்காரர் கேட்டார்,
இது தைக்கிற மெசினா?

ஞாயிறு. புறக்கோட்டையில் கடை பூட்டு.
நிஸ்தார் மீட்டரோடு வந்தான்.
"இதுகளைக் கொல்றது வயசில்ல,
இந்தக் கறுத்த மின்கட்டிதான். முதல்ல அதை அளப்போம்."
ஐந்து வோல்ட் வரவேண்டிய இடத்தில்
நாலு தசம் ஒன்பது.
"பரவாயில்ல. நேர்மையான ஆள்."

நீலத் திரை வந்தது.
முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் பைட் சும்மா கிடக்கிறதாம்.
தயாராம்.
எட்டாம் இலக்கத்தைக் கூப்பிட்டோம்.
அப்படியொரு சாதனம் இல்லை என்றது.

இல்லையா?
மேசையில் இருக்கு, பச்சை விளக்கு எரியுது,
கொம்பியூட்டரை அணைத்துப் போட்டால்
கூடவே வயிற்றுக்குள் ஒருதரம் சுழன்று அடங்குது.
கேபிளின் ஆறு ஊசியையும் ஸ்பிரிட்டில் துடைத்தோம்.
இல்லை.
தலைகீழாக மாட்டிப் பார்க்கப்போய், மாட்ட முடியாமல்
இரண்டு பேரும் வெட்கப்பட்டோம்.
இல்லை.

மூடியைக் கழற்றினால்
உள்ளே தெஹிவளைக் கடல்.
திருகாணிகளில் உப்புப் பூ,
தண்டவாளம் இரண்டிலும் துரு,
மோட்டருக்குப் பக்கத்தில் பல்லிமுட்டைக் கோது.
தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டோம்
(வண்டிக்காரர் முழுக்கப் பிழை சொல்லவில்லை).

கூட வந்த ஒரே டிஸ்க்கில் பூஞ்சணம்,
வட்டம் வட்டமாய், தேமல் போல.
உறையின் ஓரத்தை வெட்டி உருவி
பாத்திரம் கழுவும் சோப்பில் அலசி
பல்கனிக் கொடியில் கிளிப் போட்டேன்.
மேல்வீட்டு றெஜினா எட்டிப் பார்த்து
"கறுத்த அப்பளமா?" என்றாள்.

நாலே காலுக்கு ரயில் போனது.
மேசை நடுங்கியது. பிளேன்ரீ ஆறிப்போயிருந்தது.
நிஸ்தார் பூதக்கண்ணாடியைப் பலகையின் நடுவில் வைத்தவன்
எடுக்கவேயில்லை.
சின்னச் செப்புத் திட்டு இரண்டு. ஒன்று முழுசு.
மற்றதன் இடுப்பில் ஒரு கோடு.
உடைவில்லை, துருவில்லை.
யாரோ சவரக் கத்தியால்,
கை நடுங்காமல், நேராக வெட்டியிருக்கிறார்கள்.

"இது எட்டில்ல. ஒன்பது."

காலையிலிருந்து வேறு யாரையோ கூப்பிட்டிருக்கிறோம்.
இதுவும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது,
ஆஸ்பத்திரி வாங்கில் துண்டு பிடித்த ஆள் போல,
தன் இலக்கம் வரவில்லை என்று.

ஒன்பது இருந்தால் எட்டும் இருந்திருக்கும்.
அந்த வீட்டில் இரண்டு, ஒரே கேபிளில் அடுத்தடுத்து.
ஒன்றுக்குப் பெயர் மாற்றாவிட்டால்
கூப்பிட்டதும் இரண்டும் சேர்ந்து வாய் திறக்கும்.
கத்தி எடுத்தவருக்கு அது தெரிந்திருக்கிறது.
எட்டு எங்கே? மெல்பர்னிலா?
என்றைக்கோ பழைய இரும்புக்காரனிடமா?

ஒன்பதைக் கூப்பிட்டோம்.
சிவப்பு விளக்கு. தொண்டை செருமல்.
அலசிக் காயவைத்த டிஸ்க் சுற்றியது.
திரையில் அதன் பெயர் வந்தது: பேக்கப்.
அதற்குக் கீழே கோப்பு ஒன்றுமில்லை.
அறுநூற்று அறுபத்து நாலு கட்டம் காலி,
அதாவது எல்லாமே.
நகல் எடுக்க என்று பாய் விரித்துவைத்து
எடுக்காமலே போயிருக்கிறார்கள்.

"அறுநூற்று அறுபத்து நாலு காலி!" நிஸ்தார் சிரித்தான்.
"வெள்ளவத்தையில! வாடகைக்கு விடுங்கோ."

பிறகு சோல்டர் கோலைச் சூடாக்கினான்.
வெட்டின் மேல் ஒரு சொட்டு ஈயம்,
திரும்ப எட்டாகிவிடும், ஒரு நிமிட வேலை.
வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான்.
சொல்லத் தெரியவில்லை.

ஒன்பதென்றே கூப்பிடுகிறேன். வருகிறது.
மீன்தொட்டி இரண்டும் ஒழுகுகின்றன.